ருசியும் கணக்கும்

லண்டனில் தேம்ஸ் நதியருகே 1889இல் திறக்கப்பட்ட சவாய் ஹோட்டலுக்குள், 2022இல் கார்டன் ராம்ஸே ஒரு சிறிய உணவகத்தைத் தொடங்கினார். பெயர் '1890'. பிரெஞ்சுச் சமையற்கலைஞர் ஒகுஸ்த் எஸ்கோஃபியே சவாய் சமையலறைக்குப் பொறுப்பேற்ற வருஷம் அது. அந்த மேஜைகளில் நான் உட்காரப்போவதில்லை. ஆனாலும், ஒரு வருஷத்தைப் பெயராக வைத்துக்கொள்வது இன்னொரு வருஷத்தை மறப்பதும்தான் என்பது உறுத்துகிறது. மறக்கப்பட்டது 1898. எஸ்கோஃபியேயும் மானேஜர் ஸீஸர் ரிட்ஸும் வேலையிலிருந்து நீக்கப்பட்ட வருஷம்.

சரக்கு சப்ளை செய்தவர்களிடம் எஸ்கோஃபியே 5 சதவீதம் வரை கமிஷன் வாங்கியிருந்தார். 1900இல் அதை எழுத்துமூலம் ஒப்புக்கொண்டார். 8,000 பவுண்டுக்கு மேல் பொறுப்பேற்று, 500 பவுண்டு கட்டியதோடு விவகாரம் முடிந்தது. காகிதம் பல பத்தாண்டுகள் வெளியே வரவில்லை. விருந்தினரின் ருசி கெடாமலிருக்க வேண்டுமே.

இங்கே இரண்டு சுலபமான பதில்கள் உண்டு. கலை வேறு, கலைஞன் வேறு என்பது ஒன்று. திருடன் கை பட்டதெல்லாம் தீட்டு என்பது மற்றது. இரண்டுமே யோசிப்பதிலிருந்து தப்பிக்கும் வழிகள். எஸ்கோஃபியேயின் கலையே அளவுதான். சமையலறையைப் பட்டாளம்போல் பிரித்து, சாஸுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர் என்று ஒழுங்கு செய்தவர். 1903இல் வந்த அவர் நூலில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட செய்முறைகள். பாத்திரத்தில் அளவு பிசகப் பொறுக்காத அதே பிரக்ஞை, கொள்முதலில் பிசகப் பொறுத்துக்கொண்டது. அதாவது நுட்பம் மனசின் ஓர் அறையில் மட்டும் குடியிருக்க முடியும். அடுத்த அறையின் கதவை அது தட்டுவதுகூட இல்லை. நல்ல ரசனை நல்ல மனிதனை உண்டாக்கும் என்பது சிறுபத்திரிகைக்காரர்களாகிய நம்முடைய மூடநம்பிக்கை.

என்னுடையதாகவும் இருந்தது. நான் வேலை பார்த்த ஒரு கிளையில் மூத்த அதிகாரி ஒருவர். ஆங்கிலக் கவிதையை எப்படி வாசிப்பது என்று, பி.ஏ. வகுப்பு தராததைத் தந்தவர். ஒரு வரியில் அநாவசியமான அடைமொழியைச் சகிக்கமாட்டார். குடும்ப பென்ஷன் வாங்கும் ஒரு கிழவியின் கணக்கிலிருந்து அவர் சிறுகச் சிறுகப் பணம் எடுத்திருந்தார். வவுச்சர்களைச் சரிபார்த்தவன் நான். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மூன்று நாள் சும்மா இருந்தேன். இவ்வளவு நுட்பமான மனிதர் இதைச் செய்திருக்கமாட்டார் என்பதுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம். நாலாம் நாள் எழுதிக் கொடுத்தேன்.

அவர் கற்றுத்தந்தபடிதான் இன்றும் வாசிக்கிறேன். அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. கொடுக்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை. பாடகி நெல்லி மெல்பாவுக்காக எஸ்கோஃபியே சிருஷ்டித்த பீச் மெல்பா, அவர் ஒப்புதலைப் படித்தபிறகும் ருசியாகவே இருக்கும். அந்த ருசியை அவர் நேர்மைக்குச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றுவதுதான் பிசகு. அப்படி ஏற்றும்போது நஷ்டப்படுகிறவர் யாரோ ஒருவர் எப்போதும் வெளியே நிற்கிறார்.

அந்த மூன்று நாளில் ஒரு நாள், கிழவி பாஸ்புத்தகத்துடன் என் கவுண்டருக்கு வந்தாள். நாளைக்கு வாங்க பாட்டி என்று சொல்லி அனுப்பினேன்.