வினைக் கணக்கும் நிவாரணக் கணக்கும்



சென்ற வருட மகோற்சவ காலத்தில் ஓரிரவு, அன்னதான மடத்தில் இளைஞர் ஒருவர் என்னிடம் வினவினார்: “ஐயா, பூமியதிர்ச்சியில் சாகிறவர்கள் எல்லாரும் பாவம் செய்தவர்களா?” அருகிலிருந்த பெரியவர் ஒருவர் “அவரவர் வினை” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். எனக்கு அவ்விடை போதுமானதாகப் படவில்லை. ஆகவே இம்மலரில் அதுபற்றிச் சிறிது எழுதத் துணிந்தேன்.

இக்கேள்வி பெரியோர் இருவருக்கிடையிலும் எழுந்ததுண்டு. 1934 ஜனவரி 15ஆந் திகதி, பொங்கலை ஒட்டிய ஒரு பிற்பகலில், பீகாரையும் நேபாளத்தையும் சுமார் 8 அளவிலான பூமியதிர்ச்சி உலுக்கியது. 10,000 பேருக்கு மேல் மாண்டனர். முங்கேர் நகரம் இடிபாட்டுக் குவியலாயிற்று. வயல்களில் நிலம் பிளந்து மணலும் நீரும் பீறிட்டன. கிணறுகள் மணலால் தூர்ந்தன.

அவ்வேளை காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தென்னாட்டில் இருந்தார். 24ஆந் திகதி திருநெல்வேலியில் (யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி அன்று) பேசுகையில், தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனையே இது என்றார். மகாகவி தாகூரும் தீண்டாமையை வெறுத்தவரே. ஆயினும் இதனை அவர் ஒப்பவில்லை. இயற்கையின் அழிவுக்கு இயற்கையிலேயே காரணம் உண்டு, இந்த வாதத்தை எதிர்த்தரப்பார் உங்கள் மீதே திருப்பிவிடுவர் என்று எழுதினார். காந்தியடிகள் அக்கண்டனத்தைத் தமது ‘ஹரிஜன்’ பத்திரிகையிலேயே பிரசுரித்து, தம் நம்பிக்கையை விட்டுக்கொடாது பதிலும் எழுதினார்.

தீண்டாமை பாவம் என்பதில் ஐயமில்லை. எமது பகுதிக் கோயில் வாசல்களும் அப்பாவத்தை அறியும். ஆனால் ஒதுக்கி வைக்கப்பட்டவனின் குடிசையும் அன்று ஆடியதல்லவா? அவன் யாருடைய பாவத்துக்குத் தண்டம் இறுத்தான்? இவ்விடயத்தில் நான் தாகூர் பக்கம்.

வினைக் கொள்கையை நான் மறுக்கவில்லை. அது சைவர்க்கு அடிப்படை. ஆனால் அந்தப் பேரேட்டைத் திறந்து பார்க்கும் அதிகாரம் எமக்குத் தரப்படவில்லை. எம்மிடம் தரப்பட்டது வேறொரு பேரேடு. பீகாரில் நோயுற்ற நிலையில் சிறைக் கைதியாயிருந்த இராஜேந்திர பிரசாத், அதிர்ச்சி நிகழ்ந்து இரண்டு நாளில் விடுதலையாகி நிவாரண வேலையில் இறங்கினார். நிதிக் கணக்கைப் பார்க்க வந்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. காந்தியடிகள் தம் குழுவினருடன் வந்தபோது, அவர்களுடைய செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க இயலாது என்று கூறிவிட்டார் குமரப்பா. காந்தியடிகளும் அதனை ஏற்றுக்கொண்டார். காலமெல்லாம் இலிகிதராக இருந்து வவுச்சர் எழுதிய எனக்கு இச்சம்பவம் பெரியபுராணத்துக்கு ஒப்பானது.

ஆனால் அந்தக் கண்டிப்பு பெரியவரை நோக்கிய கண்டிப்பு. என்னுடையது அப்படியன்று.

2004 டிசெம்பர் 26ஆந் திகதி சுமாத்திராவின் கடலடியில் உண்டான பூமியதிர்ச்சி, சுமார் இரண்டு மணித்தியாலத்தில் சுனாமியாக எமது நாட்டுக் கரையை அடைந்தது. அடுத்த மாதம் கரையோரப் பாடசாலை முகாமொன்றில் உலருணவு அட்டைக்குப் பெயர் பதிய என்னை அனுப்பியிருந்தார்கள். வயோதிபர் ஒருவர் வந்தார். மருமகளையும் பேரப்பிள்ளையையும் கடல் கொண்டுபோய்விட்டது. அடையாள அட்டை இல்லை. கடிதமில்லாமல் பதியேலாது, நாளைக்கு வாருங்கோ என்றேன். அவர் அசையாது நின்றதால், ஆறுதலாக இருக்கட்டுமென்று, “என்ன செய்யிறது அப்பு, எல்லாம் அவரவர் வினை” என்றும் சொன்னேன்.

“தம்பி, அந்தப் பிள்ளைக்கு எட்டு மாதம். அது எப்ப வினை செய்தது?” என்றார்.

முற்பிறவி என்று சொல்லச் சாத்திரம் உண்டு. எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் கிராம சேவகரின் கடிதத்துடன் அவர் வந்தார். பெயரைப் பதிந்து அட்டையைக் கொடுத்தேன். வாங்கினார், என் முகத்தைப் பார்க்கவில்லை.