கூண்டும் சுவரொட்டியும்

கெட்ட செய்தி கேட்பதில் கடலூர்க்காரர்களுக்கு நல்ல பயிற்சி உண்டு. வங்கக் கடலில் எங்கேயாவது காற்றழுத்தம் தாழ்ந்தால் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிடும். ஒன்றும் இரண்டும் தூரத்துப் புயலுக்கு. மூன்று ஏறினால் படகை மேலே இழுத்துக் கட்டுவார்கள். எட்டு, ஒன்பது, பத்து என்று போனால் கரையோரத்தில் யாருக்கும் தூக்கம் கிடையாது. பகலில் கூம்பும் உருளையுமாகத் தொங்கும். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். மொத்தம் பதினோரு எண்கள். பதினொன்று என்றால் பத்தைவிடப் பெரிய புயல் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரும் என்று இங்கே இருக்கிற அதிகாரி கருதுகிறார், அவ்வளவுதான். இனி மேலிடத்திலிருந்து செய்தி வராது என்பதையும் ஊருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று யோசித்து வைத்த அந்த மனிதர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

2004 ஆழிப்பேரலையில் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்து பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2015-இல் வெள்ளம். இத்தனையும் பார்த்த ஊர், 2020-இல் தன் மக்களுக்குத் தானே செய்தி சொல்லத் தெரியாமல் ஏன் தடுமாறியது என்பதுதான் என்னை இன்னும் விடாத கேள்வி.

ஏப்ரல் முடியும் வரை கொரோனா எங்களுக்குச் சென்னைச் சமாச்சாரம். கைபேசியில் யாரைக் கூப்பிட்டாலும் முதலில் ஓர் இருமல் கேட்குமே, அந்த அளவுக்குத்தான் அது எங்களிடம் வந்திருந்தது. பிறகு சென்னைக் கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கப் போயிருந்த பிள்ளைகள் காய்கறி லாரிகளில் ஏறித் திரும்பினார்கள். மே 4 அன்று மாநிலம் முழுக்க 527 பேருக்குத் தொற்று. அதில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 122. மறுநாள் கோயம்பேடு சந்தையையே மூடினார்கள்.

அந்த வாரம்தான் ஊர் பேச ஆரம்பித்தது. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஒரு பதிவு செய்த குரல் தெருத்தெருவாகப் போனது: கை கழுவுங்கள், வெளியே வராதீர்கள். அது பரவாயில்லை. மாலையில் சுகாதாரத் துறையின் அறிக்கை வரும்; மாவட்ட வாரியாக எண்கள். அதுவும் பரவாயில்லை. மூன்றாவதாக ஒன்று வந்தது. எங்கிருந்து கசிந்ததோ, ஒரு தாளின் படம். வரிசையாகப் பெயர், வயது, தெரு, சில வரிகளில் கதவு எண்ணும் கைபேசி எண்ணும்கூட. கடைசிக் கட்டத்தில் 'கோயம்பேடு' என்ற ஒரே சொல். ஒரே ராத்திரியில் அது எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் போய்விட்டது. அப்பார்ட்மென்ட் குழு, பள்ளித் தோழர் குழு, கோயில் திருப்பணிக் குழு, எதையும் விடவில்லை. அனுப்பியவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. 'ஜாக்கிரதையாக இருக்கவும்' என்று கீழே கும்பிடும் கைகளை வேறு போட்டிருந்தார்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் நின்றிருக்க, நாட்டுப்படகு மீனை மட்டும் கூடையில் எடுத்துக்கொண்டு தேவனாம்பட்டினத்திலிருந்து ஓர் அம்மா எங்கள் தெருவுக்கு வருவார். அந்த வாரம் நான்கு வீடுகளில் கதவே திறக்கவில்லை. அவர் தெருவில் ஒருவருக்குத் தொற்று என்று பட்டியல் சொல்லியிருந்தது. திண்ணையில் கூடையை இறக்கிவிட்டுச் சொன்னார்: "புயலுன்னா பரவால்ல தம்பி. ஊரையே கூட்டி வச்சிக்கிட்டு ஒண்ணா ஓடுவோம். இதுல ஒருத்தரப் பாத்து ஒருத்தர் ஓடச் சொல்றாங்க."

என் கேள்விக்குப் பாதி விடை அதில் இருக்கிறது. கூண்டு சொல்லும் செய்தி கடலைப் பற்றியது. ஆபத்து எங்கே, எவ்வளவு, நீ என்ன செய்ய வேண்டும் என்பதோடு அது நிறுத்திக்கொள்ளும். அதில் மனிதர் யாருடைய பெயரும் இல்லை. அதைக் கேட்டவர்களுக்கு ஒளிய இடம் தேடும்போது பக்கத்து வீட்டுக்காரரின் ஞாபகம் வரும்.

மீதிப் பாதி விடை சுவரில் இருக்கிறது. தமிழ்நாட்டின் எந்தச் சிறு நகரத்திலும் மரணச் செய்தி சுவரொட்டியாகத்தான் வரும். கண்ணீர் அஞ்சலி, படம், பெயர், தோற்றம், மறைவு, எத்தனை மணிக்கு எந்த மயானம், கீழே மகன், மருமகன், பேரப்பிள்ளைகளின் நீண்ட வரிசை. இதில் ஒன்றை மட்டும் எப்போதும் எழுதமாட்டார்கள். எந்த நோயில் போனார் என்பதை. காசநோயில் போனவருக்கும், குடித்துக் குடித்து ஈரல் கெட்டுப் போனவருக்கும், தூக்கில் தொங்கியவருக்கும் ஒரே சுவரொட்டிதான். யாரும் உட்கார்ந்து விதி எழுதவில்லை. செத்தவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் நாளைக்கு இந்த ஊரில் நடமாட வேண்டியிருக்கிறது என்ற நாகரிகம் அது.

ஆக, ஆபத்தைச் சொல்லும்போது ஆளைச் சொல்லாமலும், ஆளைச் சொல்லும்போது நோயைச் சொல்லாமலும் இருக்க ஊருக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தாள் இரண்டையும் ஒன்றாகக் கட்டி, தெருவும் கதவு எண்ணும் சேர்த்து வீதிக்கு விட்டது.

அந்த ஆண்டு நடந்ததை நாடே பார்த்தது. வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். சில இடங்களில் தகரம் அடித்தார்கள். சென்னையில் தொற்றால் இறந்த ஒரு மருத்துவரைப் புதைக்க விடாமல் கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. அடக்கத்தைத் தடுத்தால் மூன்று ஆண்டு வரை சிறை என்று அந்த ஏப்ரல் மாதமே அரசு அவசரச் சட்டம் போட வேண்டியதாயிற்று. ஸ்டிக்கர் விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒட்டப்பட்ட வீட்டாரை மற்றவர்கள் தீண்டத்தகாதவர்களைப் போல நடத்துகிறார்கள் என்று நீதிபதிகளே விசாரணையில் சொன்னார்கள். உரிய அதிகாரியின் தனி உத்தரவு இல்லாமல் ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பர் 9 அன்று தீர்ப்பு வந்தது. ஒரு வீட்டைக் காட்டி 'அங்கே போகாதே, அவர்கள் கையால் வாங்காதே' என்று சொல்வது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. நமக்கு அது எவ்வளவு சரளமாக வருகிறது என்பதைத்தான் அந்த மாதங்களில் பார்த்தேன்.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. கடலூருக்குக் கொஞ்சம் வடக்கே, புதுச்சேரி எல்லையில் நல்லவாடு என்ற மீனவ ஊர். 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலையிலிருந்த அந்த ஊர்ப் பையன் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தான். அலை உயரமும் மீன் விலையும் சொல்வதற்காக எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையம் அங்கே ஓர் ஒலிபெருக்கி வைத்திருந்தது. ஊரார் அதில் கத்தினார்கள். எல்லோரும் ஓடினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழும் ஊர் பிழைத்தது. சொல்லாமல் விட்டிருந்தால்? தொற்றிலும் அப்படித்தானே, மறைத்ததால்தானே பரவியது என்று நண்பர்கள் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் ஏன் மறைத்தார்கள்? பட்டியலில் பெயர் வரும் என்று பயந்துதான் பலர் காய்ச்சலை வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். நல்லவாட்டு ஒலிபெருக்கி 'ஓடு' என்றது. இந்தத் தாள் 'இவன்தான்' என்றது. இரண்டையும் 'விழிப்புணர்வு' என்ற ஒரே கணக்கில் எழுத என்னால் முடியாது.

அரசு அறிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெல்லி மாநாடு ஒன்றுக்குப் போய் வந்தவர்களை மார்ச் கடைசியில் மாநாட்டின் பெயர் சொல்லியே அறிவித்தார்கள். ஒரு மதத்தின் மேல் பழி விழுவது தெரிந்ததும் ஏப்ரலில் வெறுமனே 'ஒரே மூலம்' என்று மாற்றிக்கொண்டார்கள். இறந்தவர்களைப் பற்றிய குறிப்புகளில் வயது, மாவட்டம், கூடவே இருந்த சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ, அனுமதித்த நாள், இறந்த நாள் எல்லாம் இருக்கும், பெயர் இருக்காது. வறண்ட எழுத்துதான். ஆனாலும் அதில் கூண்டின் அடக்கம் இருந்தது. எண்ணில்தான் கோட்டை விட்டார்கள். கணக்கில் வராமல் போயிருந்த 444 மரணங்களை ஜூலை 22 அன்று ஒரே நாளில் சேர்த்தபோது, மாலை அறிக்கைக்காகக் காத்திருந்த பலர் அதன்பின் காத்திருப்பதை நிறுத்திவிட்டார்கள். பதினோராவது எண்ணை ஏற்றியிருக்க வேண்டிய நேரம் அது. 'எங்களுக்கும் முழுசாகத் தெரியவில்லை' என்று சொன்னால் ஊர் நம்பியிருக்கும்.

அந்த நவம்பரில் நிவர் புயல் வந்தது. 25-ஆம் தேதி ராத்திரி புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கூண்டு ஏறியதும், ஆறு மாதமாக ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காதவர்கள் எல்லாம் முகக்கவசத்தோடு பள்ளிக்கூடத்திலும் புயல் பாதுகாப்பு மையத்திலும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். யார் பட்டியலில் இருந்தவர், யார் இல்லாதவர் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

எங்கள் தெருமுனை மருந்துக் கடைக்காரரைச் சொல்லாமல் விட முடியாது. பொதுமுடக்கம் தொடங்கியதிலிருந்து தினமும் காலையில் நாலே வரி அனுப்புவார். காய்கறி இன்றைக்கு எங்கே, எந்த டாக்டர் உட்காருகிறார், எந்த மாத்திரை தீர்ந்துவிட்டது, எந்தப் பக்கம் அடைத்திருக்கிறார்கள். தொற்று எண்ணிக்கையைப் போட்டால் வார்டோடு நிறுத்துவார். ஒருநாள் கடையில் ஓர் இளைஞன் பிடித்துக்கொண்டான்: "யாருன்னு சொல்லுங்கண்ணே, நாங்க ஜாக்கிரதையா இருக்கணும்ல?" அவர் நிமிராமலே சொன்னார்: "ஜாக்கிரதையா இருக்க ஆளு பேரு எதுக்குப்பா? மூக்குக்குக் கீழ கெடக்குற மாஸ்க்கை மேல ஏத்து, போதும்."

2021 மே மாதம் வந்தது. 21-ஆம் தேதி மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேர். அப்போது பட்டியல் தானாகச் செத்துப்போனது. எல்லா வீடும் அதில் வந்துவிட்டதே. அதே குழுக்கள், அதே விரல்கள். கேள்வி மட்டும் மாறிவிட்டது. 'எந்தத் தெரு?' போய், 'ஆக்சிஜன் படுக்கை எங்கே காலி?' வந்தது. 104 உதவி எண்ணுக்குப் பேசிப் பார்த்தவர்கள் விவரம் போட்டார்கள். சமைத்துத் தருகிறவர்கள் எண் கொடுத்தார்கள். மகன் வெளிநாட்டில் இருக்கும் கிழவர்களின் வாசலில் கஞ்சி வைத்துவிட்டு மணியடித்தார்கள். முந்தைய வருஷம் மீன்கார அம்மாவுக்குக் கதவு திறக்காத வீட்டுக்காரர் ஒருவர்தான் எங்கள் தெருவுக்குப் பல்ஸ் ஆக்சிமீட்டர் வாங்கிக் கொடுத்து, வீடு வீடாக மாற்றி மாற்றி அனுப்பினார். இத்தனையும் முதல் மே மாதத்திலேயே எங்களால் முடிந்திருக்கும். நோய் எல்லோர் வீட்டுக்கும் வந்த பிறகுதான் முடிந்தது என்பதை நான் பெருமையாக எழுத மாட்டேன்.

அடுத்த தொற்று வரும். அதன் பட்டியலும் உங்கள் கைபேசிக்கு வரும், யாராவது நல்லெண்ணத்தோடுதான் அனுப்புவார்கள். அதை உங்களோடு நிறுத்திவிடுங்கள். பதிலுக்கு அந்த மருந்துக் கடைக்காரரைப் போல நாலு வரி எழுதுங்கள்: எந்தக் கடை திறந்திருக்கிறது, எந்த ஆஸ்பத்திரியில் இடமிருக்கிறது, தெருவில் யாருக்கு என்ன வேண்டுமானாலும் யாரைக் கூப்பிடலாம். கடைசி வரியில் உங்கள் எண்ணைப் போடுங்கள்.