கிணறு என்னுடையது, தண்ணீர் யாருடையது?

அம்பாளின் மகோற்சவத்தை முன்னிட்டு வெளிவரும் இம்மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று சில நாட்கள் சிந்தித்தேன். சமய தத்துவங்களை விளக்கிக் கூற எம்மிடையே கற்றறிந்த பெரியோர் பலர் உள்ளனர். அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராகக் காலம் கழித்து ஓய்வு பெற்ற அடியேனுக்கு அந்தத் தகுதி இல்லை. ஆயினும் பல ஆண்டுகளாக மனதை உறுத்தும் ஒரு கேள்வியை அடியார்கள் முன் வைக்கலாம் என்று எண்ணினேன். நாம் அன்றாடம் குடிக்கும் தண்ணீரைப் பற்றிய கேள்வி அது.

ஆலயத்தில் எந்தக் கிரியையும் நீரின்றித் தொடங்குவதில்லை. கும்பத்தில் நிறைந்திருப்பதும் நீர். அபிஷேகத்தில் வழிவதும் நீர். பூசை நிறைவில் குருக்கள் எம் உள்ளங்கையில் வார்ப்பதும் நீரே. திருவானைக்காவில் இறைவன் நீர் வடிவாகவே வழிபடப்படுகின்றான். திருவள்ளுவரும் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வான்சிறப்பை வைத்தார். தீர்த்தத்தைக் குடித்து மிகுதியைக் கண்ணிலும் தலையிலும் ஒற்றிக்கொள்கின்றோம். ஆனால் அந்தத் தீர்த்தம் எங்கிருந்து வருகின்றது? ஆலயக் கிணற்றிலிருந்து. ஆலயக் கிணற்றுக்கு எங்கிருந்து வருகின்றது? எம் ஒவ்வொருவரின் வளவுக்கும் கீழே பரந்து கிடக்கும் அதே நிலத்தடி நீரிலிருந்துதான்.

எமது யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழையே எமக்குப் பெரும்பாலும் ஆதாரம். அந்த மழை மண்ணூடாக இறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகின்றது. அதற்கும் கீழே கடல்நீர். உவர்நீரின் மேல் நன்னீர் ஒரு வில்லை போல மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் தாங்கி நிற்கும் என்பது விஞ்ஞானிகள் கூறும் கணக்கு. அந்த ஓர் அடியை நாம் இறைத்து முடித்தால் கீழிருக்கும் உவர் மேலெழும். துலாவில் இறைத்த காலத்தில் கைகள் களைத்ததும் இறைப்பும் நின்றது. இன்று மோட்டாருக்குக் களைப்பில்லை.

சுண்ணாம்புக்கல்லுக்கு இன்னொரு குணமும் உண்டு. மழைநீரை அது எவ்வளவு விரைவாகக் கீழே விடுகின்றதோ, அழுக்கையும் அவ்வளவு விரைவாக விடுகின்றது. மேலே வேலி உண்டு, எல்லைக்கல் உண்டு, உறுதி உண்டு. கீழே எதுவும் இல்லை. ஆகவேதான் கேட்கின்றேன்: கிணறு என்னுடையது; தண்ணீர் யாருடையது?

இக்கேள்வி எனக்கு எந்த நூலிலிருந்தும் வரவில்லை. எனது சொந்தத் தவறிலிருந்து வந்தது. அதை மறைத்துவிட்டு மற்றவர்களுக்குப் புத்தி சொல்வது அம்பாள் சந்நிதியில் வெளியாகும் மலருக்குப் பொருந்தாது.

1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின்னர் 1996இல் நாம் ஊர் திரும்பியபோது, வீட்டின் பின்பக்கம் இடிந்து கிடந்தது. கிணற்றுக்குள் ஓடும் மரக்கொப்பும் மண்ணும் கிடந்தன. அயலவர் எல்லோரும் சேர்ந்து ஒரு வீட்டுக் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கியபின் அடுத்த வீட்டுக்குச் சென்றோம். அந்த நாட்களில் எவருடைய கிணறு என்று எவரும் பார்க்கவில்லை. எந்தக் கிணறு தெளிந்ததோ அதில் எல்லோரும் அள்ளினோம்.

அதன் பின்னர் மலசலகூடம் கட்டவேண்டி வந்தது. எமது கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் விடலாமோ அவ்வளவு தூரம் விட்டு, வேலி ஓரமாகக் குழி வெட்டுவித்தேன். அடியில் சீமெந்து போடவில்லை. எமது கிணற்றுக்கு எழுபது அடிக்கு மேல். மனதில் திருப்தி. வேலிக்கு அப்பால் தனித்து வாழ்ந்த மாமி ஒருவரின் கிணறு இருந்தது. அந்தப் பக்கம் நான் அளந்து பார்க்கவில்லை.

பல ஆண்டுகளின் பின் ஒரு மாரிகாலத்தில் மாமியின் பேரப்பிள்ளைக்கு நெருப்புக்காய்ச்சல் கண்டது. பிள்ளை வைத்தியசாலையில் கிடந்து ஒருவாறு தேறியது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து மாமியின் கிணற்று நீரைச் சோதனைக்கு எடுத்துச் சென்றார். மலக்கிருமி கலந்திருப்பதாக முடிவு வந்தது. அவர் வேலியோரம் வந்து, "ஐயா, உங்கட குழி எங்க இருக்குது?" என்று கேட்டார். அன்றுதான் நாடா பிடித்து அளந்தேன். இருபத்திரண்டு அடி. ஐம்பது அடியாவது விட்டிருக்க வேண்டும் என்றும், எமது சுண்ணாம்புக்கல் நிலத்துக்கு அதுவும் போதாது என்றும் அவர் சொன்னார்.

பிள்ளைக்கு வந்த காய்ச்சல் எமது குழியால்தான் வந்தது என்று எவரும் நிரூபிக்க முடியாது. பிள்ளை பாடசாலையில் எதையாவது குடித்திருக்கலாம். கடையில் எதையாவது வாங்கி உண்டிருக்கலாம். நிரூபிக்க முடியாது என்ற நினைவு எனக்கு அன்று நிம்மதியைத் தந்தது. பின்னர் அந்த நிம்மதியை எண்ணித்தான் அதிகம் வெட்கப்பட்டேன். முப்பது வருடங்களுக்கு மேல் மற்றவர்களின் விண்ணப்பங்களில் எங்கே பிழை என்று தேடியவன் நான். எனது சொந்தக் கணக்கில் ஒரு பக்கத்தை மட்டும் அளந்துவிட்டு மறுபக்கத்தை வெறுமையாக விட்டிருந்தேன்.

மறுநாள் மாமி வேலியருகில் குடத்துடன் நின்று, "தம்பி, கொஞ்ச நாளைக்கு உங்கட கிணத்தில தண்ணி அள்ளலாமோ?" என்று கேட்டார். குழியைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. என் கிணற்று நீரை எடுக்க அவர் என்னிடம் அனுமதி கேட்டார். அவருடைய கிணற்றுக்குள் அழுக்கை விட நான் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. அந்த ஆண்டே பழைய குழியை மூடி, அடியும் பக்கமும் சீமெந்து பூசிய தொட்டி கட்டுவித்தேன். மாமி இன்று இல்லை. சொல்லவேண்டிய ஒரு வார்த்தையை நான் அவரிடம் சொல்லவில்லை என்ற குறை மட்டும் இருக்கின்றது.

சைவ சித்தாந்தம் வினையைப் பற்றி விரிவாகப் பேசுகின்றது. அறிந்து செய்த பிழை, அறியாமல் செய்த பிழை என்று இரண்டாகப் பிரித்து, இரண்டாவதைப் பொறுத்தருளுமாறு இறைவனை வேண்டுகின்றோம். ஆனால் மூன்றாவதாக ஒன்றும் உண்டு என்பது என் அனுபவம். அறிய விரும்பாமல் செய்த பிழை. அளவுநாடா வீட்டிலேயே இருந்தது. அதை வேலிப்பக்கம் பிடிக்கத்தான் மனம் வரவில்லை. 'யான்', 'எனது' என்னும் செருக்கை விடவேண்டும் என்று பெரியோர் சொன்னபோது, அது துறவிகளுக்கான உபதேசம் என்று எண்ணியிருந்தேன். ஒரு வேலியின் இரு பக்கத்தையும் அளப்பதிலேயே அது தொடங்குகின்றது என்பதை இப்போது உணர்கின்றேன்.

இவ்விடத்தில் விவசாயிகளாகிய அடியார்களிடமும் ஒரு வார்த்தை. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இடும் யூரியாவில் பயிர் எடுத்தது போக மிகுதி நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு இறங்குகின்றது. மலக்குழிகளிலிருந்தும் அது வருகின்றது. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். ஒரு லீற்றர் நீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இது மிகுந்தால் முதலில் பாதிக்கப்படுவது போத்தல்பால் குடிக்கும் கைக்குழந்தைகள். இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்க, குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகின்றனர். நெருப்புக்காய்ச்சல், செங்கமாரிக் கிருமிகள் கொதிநீரில் அழியும் என்பது உண்மை. நைத்திரேற்று அழியாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

இதற்காக உரத்தை அடியோடு விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது எமது தோட்டக்காரர் பட்ட துன்பத்தை நேரில் கண்டோம். அந்தத் தடை அதே ஆண்டிலேயே தளர்த்தவும்பட்டது. ஓர் அந்தர் போதுமான இடத்தில் இரண்டு அந்தர் போடாமல் விடுவதும், எருவும் பசளைக்குழையும் சேர்ப்பதும், மழைக்கு முதல்நாள் உரம் வீசாமல் இருப்பதும் எவராலும் இயலும். அதனால் கைக்காசும் மிஞ்சும்.

சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் நாடறிந்தது. 2019இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. பெரிய தவறுக்கு நீதிமன்றம் உண்டு. எம் வீட்டுப் பின்வளவில் நடப்பதற்கு நீதிமன்றம் எது? தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. குழாய்நீர் வருவது நன்று. ஆனால் குழாயில் நீர் வந்தபின் கிணற்றில் என்ன கலந்தாலும் பரவாயில்லை என்ற எண்ணம் மட்டும் வந்துவிடக் கூடாது. கிணற்றை இழந்த ஊர் பின்னர் எதை வைத்துப் பயிர் செய்யும்?

இனி, ஆலயத் தண்ணீர்ப்பந்தலுக்கு வருகின்றேன். நான் சிறுவனாக இருந்த காலத்தில் மண்பானையில் மோரும் ஊறுகாய்த் தண்ணீரும் சர்க்கரைத் தண்ணீரும் இருக்கும். செம்பில் வார்ப்பார்கள்; அண்ணாந்து குடிப்போம். பின்னர் கலர்ச் சர்பத்தும் இனிப்புச் சோடாவும் பிளாஸ்ரிக் கோப்பைகளில் வந்தன. அதற்குச் சம்மதித்த பரிபாலன சபையில் அடியேனும் ஒருவன். தேர்த்திருவிழா முடிந்த இரவில் கோப்பைகளைக் கூட்டி மேற்கு வீதியில் எரித்தோம். அந்தப் புகை வசந்த மண்டபம் வரை வந்தது. 2023 ஒக்ரோபர் முதல் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்ரிக் கோப்பை, தட்டு, மாலை முதலியன நாட்டில் தடைசெய்யப்பட்டன. சட்டம் வருமுன் ஆலயம் செய்திருக்க வேண்டிய காரியத்தை, சட்டம் வந்தபின் செய்தோம்.

சீனி விடயத்தில் சட்டம் எதுவும் எம்மைத் தடுக்கவில்லை. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குச் சேர்க்கும் சீனி 25 கிராம் அளவுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள், நிற்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறியது. ஒரு சிறிய போத்தல் சோடாவிலேயே அது பெரும்பாலும் முடிந்துவிடும். எமது ஊரில் நீரிழிவு இல்லாத வீடு அரிது. அடியேனும் காலையில் குளிசை விழுங்குபவன். சென்ற ஆண்டு சபைக் கூட்டத்தில் சோடாவை நிறுத்துவோம் என்று சொன்னபோது, உபயகாரர் ஒருவர், "அண்ணை, சனம் விரும்புறதைக் குடுக்கிறதுதானே தொண்டு?" என்று கேட்டார். அவரது கேள்வியில் நியாயம் உண்டு. வெயிலில் காவடி எடுத்து வருபவனுக்கு இனிப்பாக ஏதும் கொடுக்கத் தோன்றுவது அன்பினால்தான். ஆனால் எம் வீட்டு நோயாளிக்குக் கொடுக்கத் துணியாததை அம்பாளின் பெயரால் அயலவருக்கு எப்படிக் கொடுப்பது?

பெரியபுராணத்தில் வரும் அப்பூதியடிகள் திங்களூரில் தண்ணீர்ப்பந்தல் அமைத்தார். தாம் நேரில் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரை அதற்குச் சூட்டினார்; தமது பெயரைச் சூட்டவில்லை. கண்பார்வையற்ற தண்டியடிகளோ திருவாரூர்க் குளத்தில் கயிறு கட்டி, அதைத் தடவித் தடவிச் சென்று மண் அள்ளினார். ஒருவர் நல்ல நீரைக் கொடுத்தார். மற்றவர் நீர் நிற்கும் இடத்தைக் காத்தார். இரண்டும் சிவத்தொண்டு. கொடுப்பதை மட்டும் தொண்டு என்றும், காப்பதைப் பிரதேச சபையின் வேலை என்றும் நாம் பிரித்துக்கொண்டோம்.

அந்த உபயகாரரே பின்னர் ஐந்நூறு எவர்சில்வர் பேணிகள் வாங்கித் தந்தார். குடித்தவர் தாமே கழுவி வைக்கும்படி குழாயடி அமைத்தோம். முதல் இரண்டு நாட்கள் சலிப்புச் சொன்னவர்கள் உண்டு. கடைக்குப் போய்ச் சோடா குடித்தவர்களும் உண்டு. அது அவரவர் விருப்பம். மூன்றாம் திருவிழாவிலிருந்து சிறுவர்களே பேணி கழுவப் போட்டியிட்டார்கள்.

அடியார்களிடம் நான் வேண்டுவது சிலவே. மலக்குழி அயலவர் கிணற்றுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கின்றது என்று ஒருமுறை அளந்து பாருங்கள். கிணற்று நீரைச் சோதிப்பித்து, குடிநீரைக் கொதிக்க வையுங்கள். கைக்குழந்தை உள்ள வீடுகள் நைத்திரேற்றின் அளவையும் கேட்டறியுங்கள். கூரைநீரை வீதிக்கு விடாது நிலத்துக்குள் இறங்க விடுங்கள். மாரிக்கு முன் ஆலயக் கேணியைத் தூர்வார ஒரு நாள் வாருங்கள்.

இவ்வாண்டு தீர்த்தத் திருவிழாவில் குருக்கள் உங்கள் கையில் வார்க்கும் ஒரு துளி நீர், உங்கள் வளவின் கீழும் உங்கள் அயலவர் வளவின் கீழும் கிடந்து வந்தது. அதைத் தூயதாக வைத்திருக்கும் மனத்தை எம் எல்லோருக்கும் அம்பாள் தந்தருள்வாளாக.