முகத்தை மூடியவன்

ஆதாமும் ஏவாளும் ஏதேன் தோட்டத்தைவிட்டுத் துரத்தப்படும் காட்சியை எத்தனையோ ஓவியர்கள் தீட்டியிருக்கிறார்கள். அவற்றுள், பிளாரென்ஸ் நகரத்துக் கார்மினே மாதா கோயிலில், பிராங்காச்சி குடும்பத்தாரின் வழிபாட்டு மண்டபச் சுவரில் மஸாச்சியோ தீட்டியதுதான் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. காலம் 1425-ஐ ஒட்டியது. பூசிய சுண்ணாம்பு காய்வதற்குள் வண்ணம் ஏற்றிவிட வேண்டிய வேலை. 1428-ல், 26 வயதில், ரோமாபுரியில் அவன் இறந்தும் போனான்.

எதிர்ப்பக்கத் தூணில் அவனுடைய கூட்டாளி மஸோலினோ தீட்டிய ஆதாமும் ஏவாளும் நிற்கிறார்கள். விலக்கப்பட்ட கனி கைக்கு வந்துவிட்டது. முகத்தில் சலனமே இல்லை. படம் பிடிக்க நிறுத்தி வைத்த தம்பதிகள்!

மஸாச்சியோவின் ஏவாளோ வாய் திறந்து அலறுகிறாள். அவள் கைகள் மார்பையும் அரையையும் மறைக்கின்றன. பழைய ரோமானியச் சிலைகளில் வீனஸ் நிற்கும் நிலை அது. ஆதாமுக்கு உடம்பைப் பற்றிய நினைவே இல்லை. இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நடக்கிறான். விம்மி அழும்போது வயிறு உள்ளே ஒடுங்குமே, அப்படி ஒடுங்கியிருக்கிறது.

முதன்முதலாக வெட்கப்பட்ட மனிதன் எதை மறைத்தான்? முகத்தை என்கிறான் மஸாச்சியோ. குற்றம் முகத்தில்தானே தெரியும்? உடம்பு என்ன செய்தது, பாவம்! பெண்ணுக்கு உடம்பின் வெட்கத்தையும் ஆணுக்கு மனத்தின் வெட்கத்தையும் பங்கிட்டுவிட்டானே என்று அவன்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. ஆனால் அந்த அலறலுக்கு முன்னால் கோபம் நிற்பதில்லை.

சுமார் 250 வருஷங்களுக்குப் பிறகு, 1680-ஐ ஒட்டி, ஒழுக்கத்தில் அக்கறை கொண்ட சிலர் இருவர் இடுப்பிலும் இலைக்கொத்து வரையச் செய்தார்கள். அழுகிற மனிதனைப் பார்த்து அவர்களுக்குத் தோன்றியது அவ்வளவுதான். 1980-களில் சுவரைச் சுத்தம் செய்தபோதுதான் அந்த இலைகள் உதிர்ந்தன.

எனக்கும் ஓர் இலை அனுபவம் உண்டு. என் கதை ஒன்றில் ஒரு விதவை கிணற்றடியில் குளிக்கிறாள். கதை பத்திரிகையில் வந்தபோது அந்த நாலு வரிகள் இல்லை. அவளை ஏமாற்றிக் கைநாட்டு வாங்கி, நிலத்தைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்ட கொழுந்தனின் பகுதி மட்டும் ஓர் எழுத்துக் குறையாமல் வந்திருந்தது. அதில் யாருக்கும் ஆபாசம் தென்படவில்லை போலும். ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். சன்மானம் வந்தது, வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். பிறகு கதை தொகுதியில் சேர்ந்தபோதும் அந்த நாலு வரிகளை நான் திரும்பச் சேர்க்கவில்லை.