விட்ட சோறு யாருக்கு?

தவக்காலத்து வெள்ளிக்கிழமை மாலைகளில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்குகிறவர்களில் ஒரு பகுதியினர் சிலுவைப்பாதை வழிபாட்டுக்காக லூர்து அன்னை ஆலயத்துக்குப் போகிறார்கள். புனித வளனார் கல்லூரியைச் சுற்றி மெயின்கார்டு கேட் பக்கம் நடந்தால் ஆலயம் வந்துவிடும். அவர்களில் பலர் அன்று ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் முழு உணவு. அதே நிலையத்தில் காலையிலிருந்து ஒரு வேளை மட்டும் சாப்பிட்ட வேறு சிலரும் இருக்கிறார்கள்: மூட்டை தூக்குகிறவர், கீரைக்கட்டு விற்று முடித்துக் கடைசிப் பேருந்துக்குக் காத்திருக்கும் மூதாட்டி, போக்கிடம் இல்லாமல் அங்கேயே தங்கிவிட்டவர். ஒருவர் பசியைத் தேர்ந்துகொண்டார்; மற்றவர்மேல் அது விழுந்தது. விழுந்த பசியின் பக்கத்தில் நின்றுகொண்டு, தேர்ந்துகொண்ட பசிக்கு என்ன நியாயம் சொல்வது?

கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம் இந்த வேறுபாட்டை அறிந்தே எழுதப்பட்டது. திருநீற்றுப் புதனும் புனித வெள்ளியும் கட்டாய ஒருசந்தி நாள்கள். 18 வயது நிறைந்தவர்களுக்கு, 60-ஆம் வயது தொடங்கும்வரை அது கடமை. இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் கடும் உடலுழைப்பில் இருப்பவருக்கும் ஒருசந்தி கட்டாயமில்லை. தெப்பக்குளத்தருகே 1766-இல் மறைபணியாளர் ஸ்வார்ட்ஸ் எழுப்பிய கிறிஸ்து ஆலயத்தைத் தன்னகத்தே கொண்ட சி.எஸ்.ஐ.யும் லுத்தரன் சபைகளும் லெந்து எனும் தவக்கால நாள்களின் உபவாசத்தை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டிருக்கின்றன. எந்தச் சபையானாலும், மூட்டை தூக்குகிறவரிடம் யாரும் நோன்பு கேட்கவில்லை. சோறு இருந்தும் அதைத் தள்ளிவைக்க முடிந்தவரிடம்தான் கேட்கப்படுகிறது.

தள்ளிவைப்பது எதற்காக என்பதில்தான் சறுக்கல் நேர்கிறது. வெள்ளியன்று கறி கூடாது என்று, கோழியைவிட விலை கூடிய வஞ்சிரத்தை வாங்கி வறுக்கும் வீடுகள் உண்டு. சட்டம் மீறப்படவில்லை. ஆனால் அந்த வீட்டில் எதுவும் குறையவில்லை, எவருக்கும் எதுவும் போய்ச் சேரவுமில்லை.

தமிழ்நாட்டில் இதைவிட ஆழமான சறுக்கல் ஒன்று உண்டு. இங்கே கறி சாப்பிடாதவர் உயர்ந்தவர் என்ற எண்ணம் சாதியோடு பின்னிக் கிடக்கிறது. 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தார், இறைச்சியை விட்டார், நாளுக்கு ஒரு வேளை மரக்கறி உணவோடு வாழ்ந்தார். மேல்சாதியார் தம் பேச்சுக்குக் காது கொடுக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். அவருடைய தவத்தின் உண்மையை ஐயப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தட்டு அவரை ஒரு கூட்டத்துக்கு அருகில் கொண்டுபோன அளவுக்கு, ஏற்கெனவே கிறிஸ்தவர்களாக இருந்த பரதவரிடமிருந்து விலக்கியும் வைத்தது. தவக்காலத்தில் இறைச்சியை விடுவதற்குக் காரணம் அது தீட்டு என்பதன்று. அது நல்லது, ருசியானது, விரும்பப்படுவது. அதனால்தான் அதை விடுவதில் பொருள் இருக்கிறது. நாற்பது நாள் கறி தொடாதவர், அன்றாடம் மாட்டுக்கறி உண்பவரைத் தம்மைவிடத் தாழ்ந்தவராக நினைப்பாரானால் அந்த நோன்பு கெட்டுவிட்டது. இதில் சமரசத்துக்கு இடமில்லை.

‘பசித்தவருக்குக் கொடுப்பதுதான் நோக்கமென்றால் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே கொடுக்கலாமே, பட்டினி எதற்கு?’ என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி. நோன்பை வெறும் நன்கொடைத் திட்டமாகச் சுருக்கினால் இதற்குப் பதில் கிடைக்காது. தவக்காலத்து நாற்பது நாளுக்கு முன்மாதிரி இயேசு பாலைநிலத்தில் இருந்த நாற்பது நாள். அங்கே தம் பசிக்காகக் கல்லை அப்பமாக்க அவர் மறுத்தார். அதே இயேசு பின்னொரு நாள் ஐந்து அப்பங்களைக் கொண்டு ஐயாயிரம் பேருக்குமேல் பசியாற்றினார். தம் பசிக்குப் பயன்படுத்தாத வல்லமையைப் பிறர் பசிக்குப் பயன்படுத்தினார். நோன்பின் ஆன்மிகம் முழுவதும் இவ்விரு நிகழ்வுகளுக்கும் நடுவில் இருக்கிறது. மிச்சத்திலிருந்து கொடுப்பவர் தம்மைப் படியளப்பவராகவே நினைக்கிறார். பசித்திருந்து கொடுப்பவருக்குத் தம் உயிரும் இன்னொருவர் கையால் வந்த பிச்சைதான் என்பது உடம்பிலேயே உறைக்கிறது. அந்த உணர்வு வந்தவர், கை நீட்டுகிறவரைப் பார்க்கும் பார்வை வேறாக இருக்கும். கடவுள்முன் நாம் மன்றாடுவதும் அப்படிக் கை நீட்டித்தான்.

இரண்டாம் நூற்றாண்டில் ஹெர்மாஸ் எழுதிய ‘மேய்ப்பர்’ என்னும் நூல் இதை நடைமுறையாகவே வகுத்துவிட்டது: நோன்பு நாளில் சாப்பிட்டிருக்கக்கூடிய உணவின் விலையைக் கணக்கிட்டு, கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ இல்லாதவருக்கோ கொடுத்துவிட வேண்டும். திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளியன்று வாசிக்கப்படும் ஏசாயா நூலின் 58-ஆம் அதிகாரமும் பசித்தவரோடு உணவைப் பகிர்வதையே கடவுள் விரும்பும் நோன்பு என்கிறது. இந்தியாவில் காரித்தாஸ் அமைப்பு தவக்காலந்தோறும் பசிக்கும் நோய்க்கும் எதிராகத் திரட்டும் நிதியும் இந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான்.

உண்டியலில் போடுவது நல்லது. ஆனால் உண்டியலுக்கு முகம் கிடையாது. ஆகவே ஒருசந்தி இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். விட்ட வேளையின் விலையை வீட்டுக் கணக்கில் மிச்சமாக எழுதாதீர்கள். அதை அன்றைக்கே சத்திரத்தில் நிற்கும் ஒருவருக்குச் சாப்பாடாக வாங்கிக் கொடுங்கள். எந்த மதம், எந்த ஊர் என்று கேட்க வேண்டாம். படம் எடுக்க வேண்டாம். அவர் கேட்டால், உங்கள் பெயரை மட்டும் சொல்லுங்கள்.