கொம்பு வைத்த முன்னோர்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டில் டீஃப்லிங் என்றொரு இனம் உண்டு. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருந்து, பகடை உருட்டி, ஒரு கதையைச் சேர்ந்து வளர்த்துக்கொண்டு போகிற விளையாட்டு அது. ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பாத்திரத்தை உருவாக்க வேண்டும். அந்தப் பாத்திரம் எந்த இனத்தில் பிறந்தது என்பதையும் தெரிவு செய்ய வேண்டும். டீஃப்லிங் உருவத்தில் மனிதர்தான்; ஆனால் தலையில் கொம்பு, பின்னால் நீண்ட வால், வெள்ளையும் கருமணியும் பிரியாமல் ஒரே நிறமான கண். 1994இல் இந்த இனம் அறிமுகமானது. 2008இல் வந்த நான்காம் பதிப்பு அதற்கு ஒரு பூர்வகதையைக் கொடுத்தது. பேல் டுராத் என்ற பேரரசின் பிரபுக்கள் அதிகாரத்துக்காகப் பிசாசுகளோடு உடன்படிக்கை செய்தார்கள். பேரரசு அழிந்துபோயிற்று. உடன்படிக்கையின் அடையாளம் மட்டும் பிள்ளைகளின், பேரப்பிள்ளைகளின் உடம்பில் தங்கிவிட்டது.

2014ஆம் ஆண்டு விதிநூல் அவர்களுடைய வாழ்க்கையை இன்னும் விரிவாகச் சொல்கிறது. அவர்களுக்கென்று ஒரு நாடு இல்லை. மற்றவர்களின் நகரங்களில், வசதி குறைந்த பகுதிகளில், சிறு எண்ணிக்கையில் வாழ்கிறார்கள். இருட்டில் கண் தெரியும்; நெருப்பு மற்றவர்களைச் சுடுவதுபோல் அவர்களைச் சுடாது. போகுமிடமெல்லாம் சந்தேகப் பார்வை. பிறவியிலேயே தீமையின் பக்கம் சாய்வு இல்லாவிட்டாலும் பலர் அங்கேதான் போய்ச் சேருகிறார்கள் என்கிறது அந்நூல். இளையவர்களில் சிலர் ஒரு கருத்தையே பெயராகச் சூட்டிக்கொள்வதுண்டு: நம்பிக்கை, சோகம், தேடல், எங்குமில்லை.

ஜேர்மன் மொழி பழகிய காதுக்கு அந்த இனத்தின் பெயரிலேயே 'டீஃப்', அதாவது ஆழம், கேட்கும். கீழே இருந்து வந்தவர்கள்.

டோட்முண்டில் பிறந்து வளர்ந்த என் அக்காவின் மகள் வெள்ளிக்கிழமை இரவுகளில் இதை விளையாடுகிறாள். அவளுடைய பாத்திரம் ஒரு டீஃப்லிங், பெயர் 'எங்குமில்லை'. ஏன் இதைத் தெரிவு செய்தாய் என்று கேட்டேன். "சித்தி, இவள் ஆர் எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம். பார்த்த உடனையே முடிவெடுத்திடுவினம். எனக்கு அது விளையாடச் சுகம்" என்றாள். அவளுக்கு அதில் பகிடியும் இருந்தது, பகிடியில்லாத ஒன்றும் இருந்தது. 2023இல் வெளிவந்த பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி விளையாட்டில் டீஃப்லிங்குகள் அகதிகளாகவே வருகிறார்கள். ஒரு தோப்புக்குள் அடைக்கலம் புகுந்திருக்கிறார்கள். அந்தத் தோப்புக்காரர் சிலர் அவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தப் பார்க்கிறார்கள். வீட்டில் அகதிக் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது புரிவதற்கு விதிநூல் தேவையில்லை.

ஆனால் இந்தக் கதையில் ஒரு சௌகரியம் இருப்பதையும் கவனிக்க வேண்டும். பிசாசோடு கைகோர்த்த முன்னோர் மிகப் பழையவர்கள். அவர்களால் கெட்டவர்கள் யாரென்று இன்று யாருக்கும் தெரியாது. அவர்களின் பிள்ளைகள் யாரும் தெருவில் எதிர்ப்பட்டு, "என்ர பாட்டியின்ர வீட்டை உன்ர பாட்டன் எடுத்தவன்" என்று சொல்லப்போவதில்லை. ஆகவே டீஃப்லிங் முழுக்க முழுக்கப் பாதிக்கப்பட்டவள். அவள்மீது விழுவது பிறர் பார்வை மட்டுந்தான். கடன் எதுவும் இல்லை. உண்மையான சனங்களுக்கு இந்தச் சௌகரியம் வாய்ப்பதில்லை. நாங்கள் வந்து குடியேறியிருக்கும் இந்த நாட்டுக்கு அது அறவே வாய்க்கவில்லை.

குற்றம் இரத்தத்தில் ஓடும் என்பது நாசிகளின் சட்டம். 1935இன் நூரன்பேர்க் சட்டங்கள் ஒருவரின் தாத்தா பாட்டிகளை எண்ணித்தான் அவர் யூதரா என்று தீர்மானித்தன. 1944 ஜூலை 20இல் ஹிட்லரைக் கொல்ல எடுத்த முயற்சி தோற்றபின், சதிசெய்தவர்களின் குடும்பங்களையே சிறைப்பிடித்தார்கள். ஸ்டவுஃபன்பேர்க்கின் பிள்ளைகளை பாட் சாக்ஸாவில் ஒரு விடுதியில் அடைத்துக் குடும்பப் பெயரையும் மாற்றினார்கள். துரோகியின் இரத்தம் துரோக இரத்தம் என்பதே அதன் தருக்கம். போர் முடிந்தபின் அதே தருக்கம் திசை மாறி நாசிகளின் பிள்ளைகளுக்குள்ளேயே புகுந்ததுதான் விசித்திரம். ஹெர்மன் கோரிங்கின் சகோதரர் வழிப் பேத்தி பெற்றினா கோரிங், தானும் தன் சகோதரனும் பிள்ளை பெறாமலிருக்கச் சத்திரசிகிச்சை செய்துகொண்டதாக வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்த வம்சம் தங்களோடு முடியட்டும் என்று. அந்தத் துயரத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் கெட்ட இரத்தம் பெருகக்கூடாது என்று 1933இல் கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தவர்களும் அதே நம்பிக்கையில்தான் கொண்டுவந்தார்கள். பெரியப்பாட்டனை வெறுப்பதற்கு அவருடைய கொள்கையையே கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

போலந்தில் நாசி ஆளுநராக இருந்து 1946இல் தூக்கிலிடப்பட்ட ஹான்ஸ் ஃபிராங்கின் மகன் நிக்லஸ் ஃபிராங்க் வேறொரு வழி எடுத்தார். 1987இல் அப்பாவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஈவிரக்கமற்ற புத்தகம், தகப்பனை இப்படி எழுதலாமா என்று ஜேர்மனியர் பலரே முகம் சுளித்தார்கள். தூக்கிலிட்டபின் எடுத்த தகப்பனின் படத்தை அவர் தன்னோடு வைத்துக்கொண்டு திரிவதாகச் சொல்வார், செத்துவிட்டார் என்பதை உறுதிசெய்துகொள்ள.

இன்னொரு மகன் றிச்சார்ட் ஃபொன் வைட்செக்கர். அவர் தந்தை ஏர்ன்ஸ்ட், ஹிட்லரின் வெளிநாட்டு அமைச்சில் அரச செயலாளர். பிரான்சிலிருந்து யூதர்களை நாடுகடத்தும் பத்திரங்களுக்கு ஆட்சேபமில்லை என்று அனுமதி கொடுத்தவர். 1949இல் நூரன்பேர்க்கில் தண்டனை பெற்றார். அந்த வழக்கில் தந்தைக்காக வாதாடிய குழுவில் சட்ட மாணவனான மகனும் உதவியாளராக இருந்தார். தீர்ப்பு நியாயமற்றது என்பதே அவருடைய நெடுநாள் நிலைப்பாடு. அதே மனிதர்தான் 1985 மே 8இல், ஜனாதிபதியாக, தோல்வியின் நாளை விடுதலையின் நாள் என்று நாட்டுக்குச் சொன்னார். அன்று பிறந்திராதவர்கள் அந்தக் குற்றத்தைத் தங்கள் தலையில் ஏற்கத் தேவையில்லை, ஆனால் அதன் விளைவுகளுக்கு எல்லோரும் பொறுப்பு என்பது அந்த உரையின் சாரம். ஓராண்டுக்கு முன், 1984இல், ஹெல்முட் கோல் இஸ்ரேலில் வைத்து, பிந்திப் பிறந்த பாக்கியம் என்று ஒரு சொல்லைப் பேசியிருந்தார். இரண்டுக்கும் இடையிலான தூரம் பெரிது.

தத்துவவாதி கார்ல் யாஸ்பேர்ஸ் இதை 1946லேயே பிரித்துக் காட்டிவிட்டார். அவருடைய மனைவி யூதர். அதற்காகவே பல்கலைக்கழகப் பதவியை இழந்தவர் அவர். சட்டக் குற்றமும் ஒழுக்கக் குற்றமும் செய்தவருடையவை, அவற்றை ஒரு சனத்தின் தலையில் ஏற்ற முடியாது என்றார். ஒரு நாட்டின் பெயரால் செய்யப்பட்டதற்கு அந்த நாட்டவர் பதில் சொல்லவேண்டிய பொறுப்பு வேறு. அது இரத்தத்தால் வருவதில்லை. 'நாங்கள்' என்று சொல்வதால் வருகிறது.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருவோம். எங்களிடமும் கொம்பு வைத்த முன்னோர் உண்டு. ஜேர்மனியில் கந்தசஷ்டிக்குச் சூரன்போர் நடக்காத முருகன் கோயில் அருமை. யாழ்ப்பாணத்தில் கந்தபுராணத்தை வரிவரியாகப் படித்துப் பயன்சொல்லும் மரபே இருந்தது. கந்தபுராணக் கலாசாரம் என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அதற்குப் பெயரிட்டார். அந்தப் புராணத்தின்படி சூரன், சிங்கமுகன், தாரகன் ஆகியோருக்கும் தேவர்களுக்கும் தகப்பன் ஒருவரே, காசிபர். தாய்மார்தான் வேறு. அசுர இரத்தம், தேவ இரத்தம் என்று பிரித்துப் பேசுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போவார்கள்.

அசுரரைத் தலைகீழாக்கிப் பெருமையாக்கும் மரபும் எங்களுக்கு உண்டு. புலவர் குழந்தை 1946இல் இராவணனை நாயகனாக்கிக் காவியம் பாடினார். 1948இல் அதைத் தடைசெய்தார்கள், 1971இல் தடை நீங்கியது. ஜார்க்கண்டில் அசுர் என்ற பெயரோடே வாழும் பழங்குடிகள், ஊர் துர்க்கை பூசை கொண்டாடும்போது மகிஷாசுரனைத் தங்கள் முன்னோனாக நினைத்துத் துக்கம் காக்கிறார்கள். இழித்துரைத்தவரின் சொல்லைப் பறித்துக் கிரீடமாக வைத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது இரத்தக் கணக்கைக் கைவிடுவதில்லை, கூட்டலை மட்டும் மாற்றிப் போடுகிறது. இராவணன் எங்கள் பாட்டன் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருக்க, சிங்களத் தேசியவாதிகளும் அதையே சொல்கிறார்கள். 2019இல் இலங்கை விண்ணுக்கு அனுப்பிய முதல் செய்மதிக்குப் பெயர் இராவணா-1. பாட்டனுக்கு இத்தனை பேரப்பிள்ளைகள் வழக்குப் போடும்போது பாட்டன் என்ன செய்தான் என்ற கேள்வி எவருக்கும் ஞாபகம் வருவதில்லை.

பிறப்பால் குணம் வரும் என்ற நம்பிக்கையை விதிநூல் எழுதி விளையாடத் தேவையில்லாதவர்கள் நாங்கள். கல்யாணப் பேச்சில் "ஊரில எந்தப் பக்கம்?" என்று கேட்பது கொம்பு தடவிப் பார்ப்பதுதான். அந்த விளையாட்டின் உரிமையாளர்கள் 2024 பதிப்பில் 'இனம்' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். எங்கள் வரவேற்பறைகளில் அந்தக் கேள்வி இன்னும் எடுபடவில்லை.

நான் சொல்ல வந்தது இதைவிடக் கடினமானது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணிநேரம். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடும் கடையும் நகையும் விட்டுப் போனார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் வருடக்கணக்காக இருந்தார்கள். எங்கள் ஆட்கள் இதைப் பற்றிப் பேசும்போது வாக்கியம் மாறுவதைக் கவனித்திருக்கிறேன். 1983 என்றால் "எங்களை அடிச்சவங்கள்." 2009 என்றால் "நாங்கள் அழிஞ்சு போனம்." நவம்பர் 27 என்றால் "எங்கட பிள்ளையள்." 1990 என்றால் மட்டும் "அவையளை அனுப்பினது." செய்தவருக்குப் பெயருமில்லை, 'நாங்களும்' இல்லை.

சமாதானங்கள் உண்டு, அவை பொய்யுமல்ல. துவக்கு வைத்திருந்தவர்களிடம் ஊர்ச்சனம் எதிர்த்துப் பேச முடியவில்லை. அழுது வழியனுப்பிய அயலவர் இருந்தார்கள். கிழக்கில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் தமிழ்க் கிராமங்களில் செய்த கொலைகளும் உண்மை. ஆனால் இவற்றில் எதுவும் யாழ்ப்பாணச் சோனகதெருவில் பூட்டிவிட்டுப் போன ஒரு வீட்டின் கணக்கைத் தீர்ப்பதில்லை. கிழக்கில் கொல்லப்பட்டவர்களுக்கு அந்த வீட்டுக்காரர் கடன்பட்டவர் அல்லர்.

அக்காவின் மகளிடம் இதைச் சொன்னபோது, "நான் அப்ப பிறக்கவே இல்லை, இதில எனக்கென்ன?" என்றாள். நியாயமான கேள்வி. குற்றம் என்று பார்த்தால் ஒன்றுமேயில்லை. இயக்கத்தில் இருந்தவரின் பிள்ளை என்பதற்காக அவளையோ வேறெந்தப் பிள்ளையையோ பயங்கரவாதியின் வாரிசு என்று பார்ப்பவர் பாட் சாக்ஸாக்காரர்களின் தருக்கத்தைத்தான் பேசுகிறார். ஆனால் அவள் மாவீரர் நாளில் விளக்கேற்றுகிறாள். 1983இல் எரிந்த தாத்தாவின் கடையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் உரை நிகழ்த்தி, "எங்கள் கடை" என்று சொல்லியிருக்கிறாள். பிறப்பதற்கு முன் எரிந்த கடை அவளுடையது என்றால், பிறப்பதற்கு முன் பூட்டிய அந்த வீட்டுக்கும் அவளிடம் ஒரு பதில் கேட்கலாம். இரண்டிலிருந்தும் விலகிக்கொள்ளவும் அவளுக்கு உரிமையுண்டு. அப்போது கடையும் போய்விடும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விடுவதற்குத்தான் எனக்கு வழி தெரியவில்லை. அவள் என்ன செய்ய வேண்டும் என்பது பெரிதாக ஒன்றுமல்ல: வாக்கியத்தை முழுதாகச் சொல்வது, அந்தச் சனம் திரும்பிவந்து காணி கேட்கும்போது முகத்தைத் திருப்பாதது, ஊருக்கு அனுப்பும் காசில் அவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்று யோசிப்பது.

தகப்பன் பிழை செய்தால் பிள்ளைக்கு இரண்டே வழிகள்தான் என்று நாங்கள் பழகிவிட்டோம். ஒன்று, கூடவே நின்று சாவது. சிங்கமுகன் அண்ணனுக்குப் புத்தி சொல்லிவிட்டு அப்படித்தான் செத்தான். மற்றது, எதிரியோடு போய்ச் சேர்வது. அதற்கு விபீஷணன், அவன் பெயரை நாங்கள் வசையாகவே வைத்திருக்கிறோம். கந்தபுராணத்தில் மூன்றாவது ஒருவன் இருக்கிறான். சூரனின் மகன் இரணியன். தேவர்களைச் சிறைவைத்தது தவறு, சமாதானம் செய் என்று தகப்பனிடம் சொல்கிறான், திட்டு வாங்குகிறான். போருக்கும் போகிறான். தோல்வி நிச்சயம் என்று தெரிந்ததும் மீனாக உருமாறிக் கடலுக்குள் ஒளிந்துகொள்கிறான். கோழைத்தனத்தால் அல்ல, தகப்பன் சாகப்போகிறான், அவனுக்கு ஈமக்கடன் செய்ய ஒருவனாவது மிஞ்ச வேண்டும் என்று.

சூரன்போரில் யானைத்தலை வருகிறது, சிங்கத்தலை வருகிறது, மாமரமும் சேவலும் வருகின்றன. நான் இங்கே பார்த்த ஒரு கோயிலிலும் இரணியனுக்குத் தலை செய்து வைத்திருக்கவில்லை.