வட்டியா, பங்கா?

1450இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் யோகான் கூட்டன்பர்க், யோகான் ஃபுஸ்ட் என்ற செல்வரிடம் 800 கில்டர் கடன் வாங்கினார். வட்டி நூற்றுக்கு ஆறு. ஈடு, அந்தப் பணத்தில் செய்யப்போகும் அச்சுக் கருவிகளே. இரண்டாண்டு கழித்து இன்னொரு 800 வந்தது. இம்முறை அது ‘புத்தக வேலை’க்கான கூட்டு முதல்.

சமயம் குறுக்கிடுவது இங்கேதான். ஊரறிந்த வட்டிக்காரருக்குக் கிறிஸ்தவ அடக்கம் கிடையாது என்று 1179இலேயே மூன்றாம் லாத்தரன் சங்கம் விதித்திருந்தது. ஆனால், வணிகரோடோ கைவினைஞரோடோ கூட்டுச் சேர்ந்து பணம் போட்டவர் லாபத்தில் பங்கு கேட்கலாம் என்றார் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ். முதல் போனால் அவருக்கும்தானே போகிறது! நஷ்டத்தைச் சுமக்காதவருக்கு ஆதாயத்தில் என்ன உரிமை? கண்டுபிடிப்பாளரை நம்பிப் பணம் போடும் எவரும் இன்றும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

1455 நவம்பர் 6. கூட்டன்பர்க் மீது தொடுத்த வழக்கில், பிரான்சிஸ்கன் மடத்தின் உணவுக்கூடத்தில் ஃபுஸ்ட் சத்தியம் செய்தார்: கொடுத்த பணமே, தான் வட்டிக்கு வாங்கியதுதான் என்று. வட்டி கேட்பதில்லை என வாய்மொழியாக வாக்களித்தாரே என்பது கூட்டன்பர்க் தரப்பு. வட்டி, வட்டிக்கு வட்டி எல்லாம் சேர்த்து ஃபுஸ்ட் கேட்டது 2,026 கில்டர்.

ஃபுஸ்ட்டைக் கொடியவர் என்று சொல்லிவிட முடியாது. யாரும் துணியாத வேலைக்குத் துணிந்து பணம் தந்தவர். ஆனால் பங்காளியாகப் போட்ட பணத்துக்குக் கடன் கொடுத்தவராக வட்டி கேட்டது அநியாயம்தான்.

1457இல் வெளிவந்த சங்கீதப் புத்தகத்தில் ஃபுஸ்ட், அவருடைய கூட்டாளி ஷோஃபர் ஆகியோரின் பெயர்கள் அச்சாகியுள்ளன. கூட்டன்பர்க் அச்சிட்ட பைபிளில் அவர் பெயர் இல்லை.